இஸ்திரி மேசைக்குப் பக்கத்து மெஷின்

ஞாயிறு, மதியம்

அன்புள்ள சின்னவளுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு வாய் வரவில்லை. கேட்க வேண்டிய நாட்களில் கேட்கவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தோடு இரண்டு தாள்கள் வைத்திருக்கிறேன். ஒன்று, டாக்டரம்மா உனக்கு எழுதிக் கொடுத்த சீட்டு. நான்காக மடித்ததில் கோடு விழுந்திருக்கிறது, மற்றபடி அப்படியே இருக்கிறது. இன்னொன்று நான் என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டது. அதில் நான்கு வரிதான். நான்கு வரியில் அடங்காததை இங்கே எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. அந்த இரண்டையும் கிழித்துவிடாதே.

வெள்ளிக்கிழமை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நீ தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறாய் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். ஆபீஸ் சார், "வாங்கம்மா, உக்காருங்க" என்றார். பதினோரு வருஷத்தில் அந்த அறையில் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. டைப் அடித்த ஒரு தாளை நீட்டினார். நீ எந்தத் தகவலும் தராமல் எட்டு நாள் வரவில்லை, மருத்துவச் சீட்டு எதையும் லைன் சூப்பர்வைசரான என்னிடம் கொடுக்கவில்லை என்று அதில் இருந்தது. "ஒரே ஒரு கையெழுத்து. அந்தப் பொண்ணு உங்க தம்பி சம்சாரமாமே? ரொம்ப நல்லதாப் போச்சு. சொந்த நாத்தனாரே சொல்றப்போ யாரு மறுக்கப் போறா?" என்று சிரித்தார். கண்ணாடி எடுத்து வரவில்லை சார், திங்கட்கிழமை படித்துவிட்டுப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது. அது அவருக்குத் தெரியாது. பதினோரு வருஷத்தில் என் முகத்தை யார் பார்த்தார்கள்?

நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் என் பக்கத்தில் நடந்தது உனக்குத் தெரியாது. அதைத்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டையும் சுமந்தபோது காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை குமட்டும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தால் போய்விடும். மூத்தவனைச் சுமந்துகொண்டு எட்டாவது மாசம் வரைக்கும் துணி வெட்டும் மேசையில் நின்றிருக்கிறேன். அது எனக்குப் பெருமை. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உனக்கு ஏழாவது வாரத்தில் வாந்தி தொடங்கியபோது, நானும் பட்டதுதானே என்று நினைத்தேன். நீ தண்ணீர் குடித்தால் தண்ணீர் வெளியே வந்தது. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் கையில் துணியை வைத்துக்கொண்டு துப்பினாய். நம் வீட்டு அடுப்பில் நான் வெங்காயம் போட்டால் நீ மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாய். என் சமையலை அவமானப்படுத்துகிறாய் என்று பட்டது எனக்கு. ஒருநாள், "வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டுப் பட்டினி கிடக்கிறியே, உனக்கு மனசாட்சி இருக்கா?" என்று கேட்டேன். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் வாந்தி வரும் என்பதால் சொல்லவில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

தம்பி என்னிடம் வந்து கேட்டான். "அக்கா, இவ நிஜமாவே முடியாமத்தான் இருக்காளா?" என்றான். "தாங்கத் தாங்க இன்னும் கொஞ்சம் சாய்வா. நீ கண்டுக்காத" என்றேன். அவன் மேல் உனக்கிருக்கும் கோபத்தில் பாதியை என் பக்கம் மாற்றிக்கொள். முழுவதையும் மாற்ற வேண்டாம். அவனுக்கும் கண் இருந்தது.

கம்பெனியில் நடந்தது இதைவிட மோசம். லைனுக்கு ஒரு மஞ்சள் அட்டை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனால்தான் பாத்ரூம் வாசலில் நிற்கும் காவல்காரம்மா உள்ளே விடுவாள். முப்பத்திரண்டு பேருக்கு ஓர் அட்டை. ஒரு காலையில் நீ ஒன்பது தடவை எடுத்துக்கொண்டு போனாய். நீ எழுந்தால் உன் முன்னால் காலர்கள் குவியும், உனக்கு அடுத்தவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பட்டன் வைக்கிறவள், "மகாராணி நிதானமா வரட்டும், நாங்க அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கோம்" என்றாள். லைனே சிரித்தது. நானும் சிரித்தேன். அட்டை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்று யாரும் மேனேஜர் மேல் கோபப்படவில்லை. எல்லாக் கோபமும் உன் மேல்தான் வந்தது. எங்களை அப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறார்கள், நானும் அப்படித்தான் உங்களைப் பழக்கினேன். நான் இல்லாத நேரத்தில் எனக்கு நீங்கள் வைத்திருந்த பேர் 'விசில்' என்பதும், அதை வைத்தவள் நீதான் என்பதும் எனக்குத் தெரியும். சரியான பேர்தான்.

அடுத்த நாள் உன் மெஷினைத் தூக்கி லைனின் கடைசியில் போடச் சொன்னேன். அங்கிருந்து பாத்ரூம் பத்தடி. நான் உனக்குச் செய்த ஒரே நல்லது அது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த இடம் இஸ்திரி மேசைக்குப் பக்கம். புதுத் துணியில் நீராவி படும்போது ஒரு கஞ்சி வாடை கிளம்பும். அதற்கு அந்தப்பக்கம் ஒருத்தி கறை எடுக்கும் மருந்தைப் பீய்ச்சிக்கொண்டே இருப்பாள். எங்களுக்கு மூக்கு மரத்துவிட்டது. உனக்கு அப்படி இல்லை. இரண்டாம் நாள் நீ என்னிடம் வந்து, "அண்ணி, என்னைப் பழைய இடத்துலயே போட்டுடுங்க. இங்க மூச்சு விட முடியல" என்றாய். என் முகம் சுண்டிப்போனது. இத்தனை பேர் பார்க்க உனக்குச் சலுகை செய்தேன், அதையும் நீ குறை சொல்கிறாயே என்று இருந்தது. "பக்கத்துல இருந்தாலும் குத்தம், தூரத்துல இருந்தாலும் குத்தமா? போய்த் தைச்சுப் பழகு" என்று விரட்டினேன். அந்த இடத்தில் பதினாறு நாள் உட்கார்ந்தாய். பதினேழாவது நாள், சனிக்கிழமை, மெஷின் மேல் சாய்ந்தாய். ஊசி உன் விரலுக்கு ஒரு நூல் தள்ளி நின்றது. நான் ஓடிவந்து முதலில் பார்த்தது காலரைத்தான். ரத்தம் பட்டிருக்கிறதா என்று.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அதே வாரத்தில் நாலாவது மெஷின் சூடாகி நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது, மெக்கானிக் எண்ணெய்க் குப்பியோடு ஓடி வந்தான், இருபது நிமிஷத்தை டார்கெட்டில் கழித்துக் கொடுத்தார்கள். நீ விழுந்ததற்கு எதையும் கழிக்கவில்லை. உன்னை இறக்கிப் படுக்க வைத்த நேரத்தையும் சேர்த்து, அந்த மணிக்கு எத்தனை துண்டு குறைந்தது என்று என்னிடம் கேட்டார்கள். நானும் சொன்னேன்.

திங்கட்கிழமை நீ தம்பியோடு டாக்டரம்மாவிடம் போய்விட்டு வந்தாய். பத்து நாள் முழு ஓய்வு, தண்ணீர் தங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தது. அதைச் சமையலறையில் வைத்து என்னிடம் கொடுத்தாய். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் ஆபீசில் கொடுத்து முத்திரை வாங்கியிருப்பாள். சூப்பர்வைசரே வீட்டில் இருக்கும்போது ஆபீசுக்கு எதற்குத் தனியாக நடக்க வேண்டும் என்று நீ நம்பினாய். நடக்கவும் உனக்குத் தெம்பில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், "குடுத்துட்டீங்களா அண்ணி?" என்று கேட்டாய். "குடுத்தாச்சு, நீ படு" என்றேன். சீட்டு என் கைப்பையில் இருந்தது.

ஏன் என்று கேட்பாய். எங்கள் லைன் மூன்று மாசமாக 'லீவு இல்லாத லைன்.' நுழைகிற இடத்தில் பலகையில் என் போட்டோ மாட்டியிருந்தார்கள். அந்த வாரம்தான் காலைக் கூட்டத்தில் மேனேஜர், "எந்த லைன்லேருந்து லீவு சீட்டு வருதோ, அந்த சூப்பர்வைசரம்மா மறுபடி மெஷின்ல உக்காந்து பழைய ஞாபகத்தப் புதுப்பிச்சுக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு இடுப்பு போய் நாலு வருஷம் ஆகிறது. மறுபடி மெஷினில் உட்கார்ந்தால் ஒரு மாசம் தாங்கமாட்டேன். இரண்டு நாளில் நீ எழுந்துவிடுவாய், அதுவரை பக்கத்து லைனுக்கு ஆள் கொடுத்ததாக எழுதிச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். நீ எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் தலை எண்ணுகிறவர் வந்துவிட்டார். மேனேஜர் என்னைப் பார்த்து, "எங்க அந்தப் பொண்ணு?" என்றார். என் தோளில் பை தொங்கியது, பைக்குள் சீட்டு இருந்தது. "தகவல் இல்ல சார்" என்றேன்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எட்டாம் நாள் வேலைப் பட்டியலிலிருந்து உன் பேரை அடித்த தாளில் நான் போட்ட கையெழுத்தெல்லாம் சும்மா. உன் வேலையும் உன் பேறுகால விடுப்பும் அந்த "தகவல் இல்ல சார்" என்ற இடத்திலேயே போய்விட்டன. உன்னை வெளியே தள்ள கம்பெனி ஒரு விரலையும் அசைக்கவில்லை. உன் வீட்டு ஆளை வைத்தே முடித்துக்கொண்டது.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒருநாள் மாற்று ஆளாக நான் உட்கார்ந்திருந்தேன். நீ தூக்கத்தில் இருந்தாய். டாக்டரம்மா வந்து, நீங்கள் யார் என்று கேட்டார். நாத்தனார் என்றேன். "ஏழு கிலோ குறைஞ்சிருக்கா. இது மசக்கைன்னு விட்டுடற விஷயம் இல்ல. சாப்பாடு கிடைக்காம உடம்பு தன்னையே தின்னுக்கிட்டிருக்கு. வீட்டுல யாருமே பாக்கலையா?" என்றார். பார்த்தோம் டாக்டர் என்று சொல்ல வந்தேன். தினமும் இரண்டு இடத்தில் பார்த்தேன், காலையில் வீட்டில், பகலெல்லாம் லைனில். உன்னை என்னைவிட அதிக நேரம் பார்த்தவர்கள் யாருமில்லை. உன் மணிக்கட்டில் கட்டியிருந்த ஆஸ்பத்திரிப் பட்டை முழங்கை வரைக்கும் சரிந்து கிடந்தது. நான் அதைக் கீழே இழுத்துவிட்டேன். திரும்பவும் சரிந்தது.

அன்றைக்கே சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். பேரை அடித்து ஒருநாள்தான் ஆகியிருந்தது. கொடுக்கவில்லை. பயம்தான், வேறு எந்தக் காரணமும் இல்லை. நீ ஆஸ்பத்திரியிலிருந்து நேராக உன் அம்மா வீட்டுக்குப் போனாய். எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. தம்பிதான் வாராவாரம் உன்னை வந்து பார்த்துவிட்டுப் போகிறான். ஆறாம் மாசம் நடக்கிறது, வாந்தி இன்னும் முழுசாக நிற்கவில்லை, ஆனால் ஒருவேளைச் சோறு தங்குகிறது என்று சொன்னான். அதைக் கேட்டுவிட்டு உள்ளே போய் அழுதேன். என்னைப் பற்றிக் கேட்டாயா என்று அவனிடம் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு உன்னைத் தொழிலாளர் அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். நாளைக்கு அந்த டைப் அடித்த தாளில் கையெழுத்துப் போடாமல், அங்கேயே நேரில் சொல்லிவிடுகிறேன் சார் என்று தள்ளிவிடுவேன். என்னைக் கம்பெனி வண்டியில் கூட்டிப் போவார்கள். அவர்கள் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார வைப்பார்கள். நீ என்னை அங்கே பார்த்ததும் பதறிவிடாதே. சீட்டை வாங்கினேன், மறைத்தேன் என்று சொல்வேன். சொல்ல வேண்டும் என்றுதான் இருக்கிறேன். ஆனால் என்னை எனக்குத் தெரியும். மேனேஜர் ஒரு பார்வை பார்த்தால் பதினோரு வருஷப் பழக்கத்தில் என் நாக்கு தானாகவே "இல்ல சார்" என்று புரளும். அதனால்தான் அந்தத் தாளை முன்கூட்டியே உன் கையில் கொடுக்கிறேன். தேதி போட்டிருக்கிறேன், பட்டன் வைக்கிறவள் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அவளாகவே கேட்டு வாங்கிப் போட்டாள். நான் அங்கே என்ன சொன்னாலும் நீ தாளை எடுத்து நீட்டு. என்னை நம்பாதே, தாளை நம்பு.

என் வேலை போகும். அதற்காக நீ தயங்கினால் நான் செய்ததை மறுபடியும் நீ உனக்கே செய்வதாக ஆகிவிடும். என் வீட்டுக்காரர், "உனக்குப் பைத்தியமா?" என்றுதான் கேட்டார். பிறகு இந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டு வருகிறேன் என்று அவரே சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறார். எங்கள் பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

பஸ்ஸில் வருவதாக இருந்தால் முன்பக்கத்து ஜன்னல் ஓரம் உட்கார். புகை வாடை உனக்கு ஆகாது. வழியில் முடியாமல் போனால் இறங்கிவிடு, தாளை உன் அம்மா கையில் கொடுத்தனுப்பு. வெறும் வயிற்றோடு கிளம்பாதே. ஒன்றும் இறங்கவில்லை என்றால் அதற்காக உன்னை நீயே திட்டிக்கொள்ளவும் வேண்டாம். அதைச் செய்ய நான் ஒருத்தி போதும், செய்து முடித்துவிட்டேன்.

மன்னித்துவிடு என்று எழுதி அடித்துவிட்டேன். நீ அதற்கும் சேர்த்துத் தெம்பைச் செலவழிக்க வேண்டாம். இன்றைக்கு நீ சாப்பிடுவது உனக்குள் தங்கட்டும். நாளைக்குச் சாப்பிடுவதும் தங்கட்டும். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும். அதைப் பார்க்க நான் வரலாமா என்று நான் கேட்கமாட்டேன். நீ கூப்பிட்டால், எந்த நேரமானாலும், எந்த வேலையில் இருந்தாலும், போட்டது போட்டபடி வருவேன்.

உன் அண்ணி