சேறு என்று நான் சொன்ன இடம்

மச்சான்,

இன்று காலை வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தபோது, கண்ணிகளில் சுற்றிக்கொண்டு வந்த சாதாளையை ஒரு கை அள்ளினேன். எறியப் போனவன் எறியாமல் மூக்கருகே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். சாதாளை என்றால் கடலடியில் முளைக்கிற புல்தான், அதில் மணந்து பார்க்க என்ன இருக்கிறது? ஆனால் அந்த உப்பும் ஈரமும் கொஞ்சம் அழுகலும் சேர்ந்த மணம், கடலால் வந்து நீ கொடியில் போடுகிற சட்டையின் மணம். என் மகள் அனிற்றா பார்த்துவிட்டு, "என்னப்பா, நண்டை விட்டிட்டுப் புல்லை மணக்கிறியள். மாடே நீங்கள்?" என்று கேட்டாள். ஓம் என்று சொல்லியிருக்கலாம். மாடு பொய் சொல்லாது.

நீ போன பிறகு உனக்கென்று நான் ஒரு வரி எழுதவில்லை. எட்டாம் வகுப்போடு கொப்பியை மூடியவனுக்கு என்ன எழுத்து என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையான காரணம் அதில்லை. எழுத இருந்தால் இந்தக் கதையைத்தான் எழுத வேண்டிவரும்.

அந்த இடத்தை நீ எனக்குக் காட்டியது ஒரு பங்குனி வெயிலில். கடல் குளம் மாதிரிக் கிடந்தது. மரக்கோலை ஊன்றி ஊன்றி வள்ளத்தைக் கொண்டுபோய், ஒன்றுமே இல்லாத ஓரிடத்தில் நிறுத்தினாய்.

"திரும்பிக் கரையைப் பார். கோயில் மணிக்கூண்டும் தண்ணித் தாங்கியும் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு நிக்குதே? இப்ப மண்டைதீவுப் பக்கம் பார். அந்தத் தனிப் பனை ரெலிபோன் ரவரை மறைக்குதே? இந்த ரெண்டும் ஒண்டாச் சரிவாற இடம் இந்தக் கடல் முழுக்க இது ஒண்டுதான்."

குனிந்து பார்த்தேன். கோலின் நுனியைச் சுற்றிப் பச்சைப் பாய் விரித்த மாதிரிச் சாதாளை. அதன் இடுக்குகளில் நகமளவு நண்டுக் குஞ்சுகள் ஓடிக்கொண்டிருந்தன.

"இது நண்டின்ரை ஆஸ்பத்திரி, பிரசவ வாட்டு," என்றாய். "ஓரத்திலை மட்டும் வலையை விடு. நடுவிலை கை வைச்சியோ, அடுத்த வரியம் சட்டிக்குள்ளை நண்டில்லாத வெறுஞ் சொதிதான்."

கரைக்கு வந்தால் நீ வேறு ஆள். "நல்ல நண்டு, எங்கை பட்டது?" என்று யாராவது கேட்டால் கையை நீட்டாமல் முகத்தை நிமிர்த்தி நாடியாலே மேற்கைக் காட்டுவாய். "அங்காலை." நம் இடமோ கிழக்கே. நீ மட்டுமா, நம் கரை முழுக்க அப்படித்தான். பிடித்த இடத்தை நேராகச் சொல்கிறவனுக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியார் உன்னிடம் பொய் சொன்னதுண்டோ என்று கேட்க, "மீன் பட்ட இடத்தைப் பற்றிச் சொன்னதும் சேத்தியோ சுவாமி?" என்றாயாம். "அதைச் சேத்தா இந்தப் பங்கிலை ஒருத்தருக்கும் நற்கருணை குடுக்கேலாது," என்றாராம் அவர். அந்தக் கதையை நீ சொல்லும்போதெல்லாம் நான் புதிதாகக் கேட்பவன் மாதிரிச் சிரித்திருக்கிறேன். அதை ஒரு சட்டமாகவே எடுத்துக்கொண்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்க்க வந்த அன்று, பக்கத்தில் ஆளில்லாத நேரம் பார்த்து என் கையைப் பிடித்தாய். "என்ரை பெடியன் றெஜி இப்ப ஓட்டோ ஓடுறான். கடலுக்கு வந்தானெண்டா அவனுக்கு அந்த இடத்தைக் காட்டு. வராட்டி உன்னோடை போகட்டும்."

"ஓம், காட்டுவன்," என்றேன்.

"ஓம் எண்டு சொல்லேக்கை நாடியை உயர்த்தாதை," என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம். தாதி வந்து அதட்டினாள்.

உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து கொஞ்சக் காலத்தில் றெஜி ஓட்டோவை விற்றுவிட்டான். உன் வள்ளத்தை இறக்கினான். முதல் நாளே என்னிடம் வந்து, "மாமா, அப்பா எங்கை வலை விடுறவர்?" என்று கேட்டான். உன் கண், உன் மூக்கு, உன் சட்டை. நான் நாடியை உயர்த்தினேன்.

"அங்காலை."

முதலில் வலை விடப் பழகட்டும் என்று நினைத்தேன். பிறகு காற்றைப் பழகட்டும் என்று நினைத்தேன். பிறகு கலியாணம் முடியட்டும் என்று. அவன் எல்லாம் பழகினான், கலியாணமும் கட்டினான். எனக்குத்தான் பங்கு வைக்கப் பழக்கமில்லை. அவன் கூடை பாதியாக வரும் நாட்களில் என் கூடை நிறைந்திருக்கும். அவனைக் கண்டால் கூடைக்கு மேல் சாக்கைப் போட்டு மூடுவேன். மாமாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, நண்டுக்கும் ஒத்துக்கொள்ளாது என்று ஒரு பகிடி வேறு விடுவேன்.

அப்படி இருக்கிற காலத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். எல்லோரும் மிஸ் என்று கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன். கடற்றொழிலாளர் சங்க மண்டபத்து மேசையில் கட்டில் விரிப்பளவு ஒரு படத்தை விரித்தாள். செய்மதி வானத்தில் சுற்றிக்கொண்டே எடுத்த படம். நம் கரை, கோயில், கடல் எல்லாம் கிடந்தன. சனம் முதலில் கடலைப் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் கூரையைத் தேடினார்கள். "மேலை நிண்டு படமெடுத்தவனுக்கு நீ என்ரை நங்கூரத்தைத் திருப்பித் தராதது தெரியேல்லையோ?" என்று ஒருவன் பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்டான். மிஸ்ஸும் சிரித்தாள்.

பிறகு அவசரப்படாமல் விளங்கப்படுத்தினாள். கடலில் அட்டைப் பண்ணை போடக் கேட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். தடி நட்டு வலை அடைத்துக் கடலட்டை வளர்க்கிற தொழில். நல்ல தொழில்தான், ஆனால் சாதாளைக்கு மேலே போட்டால் நண்டும் இறாலும் குஞ்சு பொரிக்க இடமில்லாமல் போகும். அதனால் எங்கே போடலாம், எங்கே கூடாது என்று ஒரு வரைபடம் செய்கிறார்கள். படத்தில் வெளிறிக் கிடப்பது மணல். கறுத்துக் கிடப்பது சாதாளையாக இருக்கலாம், சேறாகவும் இருக்கலாம். அதைச் செய்மதி சொல்லாது, போய்ப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மற்ற இடங்களுக்கு அவள் வள்ளத்தில் போய்ப் பார்த்திருந்தாள். கிழக்குப் பக்கம் மட்டும் சோழகக் காற்று விடவில்லை.

"ஐயா, உங்கடை வள்ளம்தான் அந்தப் பக்கம் போறதாம். இது என்ன எண்டு சொல்லுவியளோ?"

அவள் விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன். நாம் இரண்டு பேரும் இத்தனை காலம் நாடியால் மறைத்த இடம், வானத்திலிருந்து பார்க்கிறவனுக்குக் கன்னத்து மச்சம் மாதிரித் தெரிந்தது. சாதாளை என்று சொன்னால் மண்டபம் முழுக்கத் தெரிந்துவிடும். நாளைக்கே எல்லா வள்ளமும் அங்கே நிற்கும்.

"சேறு," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "காலை வைச்சா இடுப்பு மட்டும் புதையும், பிள்ளை. ஒண்டும் முளையாது."

அவள் அப்படியே எழுதிக்கொண்டு நன்றி சொன்னாள். தேநீரும் ரோல்ஸும் தந்தார்கள். பக்கத்தில் இருந்தவனுடைய ரோல்ஸையும் நான்தான் சாப்பிட்டேன். பொய்க்குப் பசி அதிகம். மீனைப் பற்றிச் சொன்ன பொய் சேர்த்தியில்லை என்று வழி முழுக்க எனக்குச் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

சில மாதம் கழித்து ஒரு காலை, மணிக்கூண்டும் தாங்கியும் ஒரு கோட்டில் வர வள்ளத்தைத் திருப்பினால், நம் இடத்தின் தென்மூலையில் தடிகள் நிற்கின்றன. தடிக்குத் தடி நீல வலை. உள்ளே தண்ணீர் கலங்கிக் கிடந்தது. பிடுங்குண்ட சாதாளை மிதந்து வந்து என் வள்ளத்தில் மோதியது. தடி நட்டுக்கொண்டிருந்தவரிடம் ஆர் உங்களை இதில் விட்டது என்று சத்தம் போட்டேன். அவர் பாவம், மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "அனுமதி இருக்கு அண்ணை. வரைபடத்திலை இந்த இடம் சேறு எண்டு கிடக்கு."

அவரோடு சண்டை பிடிக்க எனக்கு என்ன வாய் இருக்கிறது?

வீட்டுக்கு வந்து அனிற்றாவைக் கொண்டு மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். சொல்லி முடித்தேன். அவள் ஏசுவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"படத்திலை பாக்க சாதாளை மாதிரித்தான் ஐயா எனக்கும் கிடந்தது," என்றாள். "ஆனா நீங்கள் சேறு எண்டு சொன்னியள். நான் உங்களைத்தான் நம்பினனான்."

மறுநாள் பண்ணை வேலையை நிறுத்தினார்கள். காற்று விழுந்த ஒரு நாள் மிஸ் பார்க்க வந்தாள். என் வள்ளத்து எஞ்சின் அன்றைக்கென்று மக்கர் பண்ண, றெஜி உன் வள்ளத்தைக் கொண்டுவந்தான். வழி சொல்ல வேண்டும் என்று முன்னால் ஏறி உட்கார்ந்தேன். திரும்பு, இன்னும் கொஞ்சம் என்று சொல்ல வாயைத் திறக்க முன்னமே அவன் எஞ்சினை நிறுத்தினான். நிமிர்ந்து பார்த்தேன். தனிப் பனை ரவரை மறைத்து நின்றது.

மிஸ் பின்பக்கத்தில் கமராவைத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள். நான் மெல்லக் கேட்டேன், "உனக்கு எப்பிடி...?"

"உங்கடை வள்ளத்தையே நாளும் பாத்துக்கொண்டிருந்தவனுக்கு இடம் தெரியாமப் போகுமே மாமா."

"பிறகேன் நீ இதிலை வலை விடேல்லை?"

"அப்பா இடத்தை உங்களிட்டைத்தானே குடுத்தவர். நீங்களாச் சொல்லுவியள் எண்டு இருந்தனான்." மரக்கோலை ஊன்றி வள்ளத்தைப் பிடித்துக்கொண்டான். "அண்டைக்கு மண்டபத்திலையும் கடைசி வாங்கிலை இருந்தனான். சேறு எண்டு சொன்னியள். அப்பவும், பிறகு சொல்லுவியள் எண்டுதான் நினைச்சன்."

மச்சான், நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மீனைப் பற்றிய பொய் என்று இத்தனை நாள் நான் நினைத்தது உன் பிள்ளையைப் பற்றிய பொய். அதைச் சுவாமியார் கணக்கில் சேர்ப்பார்.

புது வரைபடத்தில் நம் இடம் பச்சையாக இருக்கிறது. பண்ணைக்காரருக்கு வேறிடம் கொடுத்தார்கள். நடுவில் ஒருவரும் வலை விடக் கூடாது என்று சங்கத்தில் றெஜி எழுந்து கேட்டான், சம்மதித்தார்கள். ஏன் என்று கேட்டவர்களுக்கு நீ சொன்ன பிரசவ வாட்டுக் கதையைத்தான் நான் சொன்னேன், என் கண்டுபிடிப்பு மாதிரி. அந்தப் புது வரைபடம் அனிற்றாவின் போனில் இருக்கிறது. சில வேளை வாங்கி இரண்டு விரலால் பெருப்பித்துப் பார்ப்பேன். பச்சைக்குத் தென்மூலையில் கடித்தெடுத்த மாதிரி ஒரு வெளிறல். தடி நட்டு மிதித்த இடம். திரும்ப முளைக்கிறதோ என்று புதுப் படம் வரவரப் பார்ப்போம் என்றாள் மிஸ். முளைக்கும் வரைக்கும் அது என் கையெழுத்து. எட்டாம் வகுப்புக்காரனின் கையெழுத்தை வானத்திலிருந்தும் வாசிக்கலாம்.

போன கிழமை நண்டு நிறுக்கிற இடத்தில் வேறு கரைக்காரர் ஒருவர் என் கூடையைப் பார்த்து, "நல்ல நண்டு, எங்கை பட்டது?" என்று கேட்டார். என் நாடி தன்பாட்டில் மேற்கே உயர்ந்துவிட்டது. பக்கத்தில் கூடை இறக்கிக்கொண்டிருந்த றெஜி, "மாமா," என்றான். அவ்வளவுதான்.

நாடியை இறக்கினேன். கிழக்கே கையை நீட்டி, மணிக்கூண்டையும் தாங்கியையும், பனையையும் ரவரையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். அந்த மனிசன் கண்ணைச் சிமிட்டி, "எனக்கேயண்ணை சுத்துறியள்?" என்று சிரித்துவிட்டு, அடுத்த நாள் மேற்கே போய் வெறுங்கூடையோடு வந்தார்.

நீ தந்த இடத்தை இப்போது எல்லோருக்கும் கொடுத்தாயிற்று. அந்த நாடி மட்டும் என்னிடம் மிச்சம் இருக்கிறது. அதை றெஜிக்குக் கொடுக்க மாட்டேன்.