பெயர் மறந்த படம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதிக்கொள்வது. நான் சௌக்கியம். நீயும் அத்தானும் சௌக்கியமா? அத்தானின் ரொட்டி வேன் இன்னும் மேட்டில் ஏறும்போது இருமுகிறதா? கல்யாணமாகிப் போனவள் ஒரு வரி போடவில்லையே என்று நீ உதட்டைப் பிதுக்குவது இங்கிருந்தே தெரிகிறது.

வீடு சின்னது. முன் அறை முழுக்க என் வீட்டுக்காரரின் பட்டறை. டி.வி. ரிப்பேர் என்று ஜன்னலில் எழுதிப் போட்டிருக்கிறார். வருகிறவர்கள் ஜன்னல் வழியாகவே கொடுத்து ஜன்னல் வழியாகவே வாங்கிப் போவார்கள். அதைத் தாண்டினால் படுக்கையறை, அப்புறம் சமையலறை. அதன் கதவு பின்பக்கச் சந்தைப் பார்த்திருக்கும். சரி பண்ணின பெட்டிகளை நாள் முழுக்க ஓடவிட்டுச் சோதிப்பார். சத்தம் அவருக்கு ஆகாது. அதனால் எல்லாமே ஊமைப் படம்தான். ஆனாலும் எனக்குக் கதை புரிந்துவிடும். நான் யாரு!

பழைய வழக்கத்தை விட வேண்டாம். நீ காய் நறுக்க, நான் மேடைமேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டே சீன் சொல்வேனே, அப்படி நினைத்துக்கொள். நேற்றுப் பார்த்தது இது. ரயில் புறப்பட்டுவிட்டது. ஒரு பெரியவர் கையசைக்கிறார். ரயில் போயே போய்விட்டது, அவர் மட்டும் நிறுத்தவில்லை. பெருக்குகிறவள் வந்து அவர் காலைச் சுற்றிப் பெருக்குகிறாள். என்ன நினைத்தாளோ, துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு அவளும் அந்தப் பக்கமாகக் கையசைக்கிறாள். அவ்வளவுதான் அக்கா. எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது.

நீ அனுப்பிய போர்வை வந்தது. ஆனால் இனிமேல் பதிவுத் தபாலில் எதையும் அனுப்பாதே. தபால்காரர் வாசலில் நின்று என்னிடம் கையெழுத்துக் கேட்பது வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. சீட்டை மட்டும் போட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார். அப்புறம் வேலையைப் போட்டுவிட்டு அவரே தபால் ஆபீஸில் வரிசையில் நிற்க வேண்டும். போர்வைக்குள் வைத்திருந்த உன் கடிதத்தை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கொண்டுவந்தார். என் கடிதங்களையும் அவர்தான் பார்த்து ஒட்டுவார். பிழை திருத்துவாராம். உன் தங்கைக்கு வாத்தியார் வாய்த்திருக்கிறார், போ!

உன் வாலு

*

ஜனவரி 21
கடவுள் துணை

அன்புத் தங்கை வாலுவுக்கு,

அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. உன் கடிதம் கண்டு மனசு குளிர்ந்தது. அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். "வேனுக்கு இருமல்னா எனக்கு ஆஸ்துமா, அதையும் எழுது" என்கிறார்.

மாப்பிள்ளை என் கடிதத்தையும் படிப்பது நல்லதுதான், திருத்தட்டும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, பொட்டலக் காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். ஆண்பிள்ளைகள் சிலர் ஆரம்பத்தில் கொஞ்சம் முறைப்பாக இருப்பார்கள். நீதான் அனுசரித்துப் போக வேண்டும்.

அந்தப் பெரியவரை நினைத்து நானும் அழுதேன். நீ குழந்தையாகக் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது, "இவளைக் கொடுத்துவிடு, இனி சினிமாக் கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்" என்று கடவுளிடம் வாக்குக் கொடுத்தேன். எனக்கு அப்போது சினிமா என்றால் உயிர். அவன் உன்னைக் கொடுத்தான், நான் அதை விட்டேன். அதனால் நீ எனக்கு சீன் சொல்வது உன் கடமை. குறையில்லாமல் எழுது.

இப்படிக்கு,
அக்கா

*

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இந்தத் தடவை ஒரு பெரிய படம். பெயர் மறந்துவிட்டது.

ஒரு அதிகாரி. பெரிய பங்களா. மனைவிமேல் உயிர். அவள் தெருமுனைக் கடைக்குப் போய் வந்ததும் அவர் குனிந்து அவள் செருப்பைக் கழற்றுகிறார். ஈரத்துணியால் துடைக்கிறார். கொண்டுபோய் அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார். "உன் காலுக்கு இனி கஷ்டம் வேண்டாம், எல்லாம் நானே வாங்கிட்டு வரேன்" என்கிறார். அவள் சிரிக்கிறாள். அடுத்த நாள் அவள் அலமாரி எதிரில் வெறுங்காலோடு நிற்கிறாள், ரொம்ப நேரம். கண்ணாடிக் கதவு. உள்ளே செருப்பு பளபளவென்று இருக்கிறது.

இவரும் இதைப் படித்தார். "நல்ல புருஷன்" என்றார்.

ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மாவின் பழைய புடவை ஒன்று கேட்டிருந்தேனே, அதை அனுப்ப வேண்டாம். இங்கே எல்லாம் இருக்கிறது.

உன் வாலு

*

பிப்ரவரி 20
கடவுள் துணை

அன்புத் தங்கை வாலுவுக்கு,

அந்த அதிகாரியை எனக்குப் பிடிக்கவேயில்லை. அத்தானிடம் சொன்னேன். "வழியில முள்ளு கிடந்தா முள்ளைப் பொறுக்கிப் போடணும். செருப்பை எதுக்குய்யா பூட்டறான்?" என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். உன் சீனால் அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார், அந்தப் பாவம் உனக்கு.

படத்தின் பெயரை யோசித்து எழுது. பெயர் இல்லாமல் எனக்கு ஆறுவதில்லை. உனக்குத்தான் தெரியுமே, வீட்டுக் கணக்கில் ஒரு சல்லி இடித்தாலும் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருப்பவள் நான். அப்புறம் அவள் என்ன செய்தாள்? வெறுங்காலோடு போயிருக்கலாமே, அசடு.

அக்கா

*

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

அந்தப் படமே மறுபடி ஓடியது. பெயர் இப்போதும் விட்டுப்போயிற்று.

அவளுக்கு மணிக்கட்டில் அடி. மாடிப்படியில் விழுந்திருக்கிறாள். அதிகாரியே உட்கார்ந்து கட்டுப் போடுகிறார். எவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறார் தெரியுமா. "வலிக்குதா?" என்கிறார். "இல்லை" என்கிறாள். "அப்ப இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருக்காது" என்கிறார்.

அப்புறம் அவர் வெளியே கிளம்புகிறார். முதலில் செருப்புச் சத்தம். தாழ்ப்பாள். பிறகு பூட்டு, அது கொஞ்சம் இறுகல், இரண்டு தடவை திருப்பினால்தான் விழும். சாவியை எடுத்ததும் ஒரு சின்ன மௌனம், அவர் காதை வைத்துக் கேட்கிற மாதிரி. அதன்பிறகுதான் காலடி நகரும். அவள் மூச்சு விடுவது அப்போதுதான். பின்பக்கக் கதவிலும் பூட்டு, அதுவும் வெளியில். பங்களா முழுக்க விளக்கு எரிகிறது, ஒரு சத்தம் இல்லை.

எனக்கு மறக்க முடியாத சீன் இதுதான் அக்கா. நீ வாசித்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடாதே.

உன் வாலு

*

மார்ச் 17
கடவுள் துணை

அன்புத் தங்கை வாலுவுக்கு,

உன் படத்தைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று கிளம்பிவிட்டேன்! நம் தெருக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிறாரே, அவரைப் பிடித்தேன். உள்ளே போகவில்லை, வாக்கு வாக்குதான். வாசலில் நின்றே உன் மூன்று கடிதத்தையும் படித்துக் காட்டினேன். ரயில் பெரியவரைக் கேட்டதும் படத்தின் பெயரை டக்கென்று சொல்லிவிட்டார். மற்ற இரண்டுக்கும் தெரியாது என்று தலையை ஆட்டினார்.

"அப்படி ஒரு படம் வரவே இல்லம்மா."

"ஏதாவது பழைய படமா இருக்கும்."

"பழசு புதுசு எல்லாம் இந்தக் கதவுலதான் நின்னு பார்த்திருக்கேன். சரி, அந்தப் பூட்டற சீனைத் திரும்பப் படிங்க."

படித்தேன். அவர் கையிலிருந்த டிக்கெட்டைக் கிழிக்க மறந்து நின்றார்.

"கதவைப் பூட்டற சீன்ல பூட்டறவன் மூஞ்சியைக் காட்டுவாங்க, சாவியைக் காட்டுவாங்க. இதுல வெறும் சத்தம்தான் இருக்கு. அதுவும் ஊமைப் பெட்டியில பார்த்தேன்னு சொல்றாங்க. இது உள்ளே இருக்கறவங்க கேட்ட மாதிரி இருக்கும்மா. உங்க தங்கச்சி நல்லா இருக்காங்களா?"

"ஐயே, அவளுக்கென்ன, ராணி மாதிரி இருக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். சினிமாவிலேயே கிடப்பவருக்கு எதைப் பார்த்தாலும் சினிமாதான். ஆனால் நல்ல மனுஷர். படம் முடிவதற்குச் சற்று முன்பே கதவை அகலமாகத் திறந்து வைப்பாராம். வெளிச்சம் உள்ளே விழுந்தால்தான் ஜனங்களுக்கு எழுந்து வரத் தோன்றுமாம்.

கணக்கு இடிக்கிறதடி. எந்தப் படம்? எந்தப் பெட்டியில் பார்த்தாய்? மாப்பிள்ளையைக் கேட்டாவது எழுது.

அக்கா

*

ஏப்ரல் 2

அன்புள்ள சகோதரிக்கு,

நான் இங்கு மிகவும் நலமாக இருக்கிறேன். என் கணவர் என்னை எந்தக் குறையும் இன்றிக் கவனித்துக்கொள்கிறார்.

குடும்பக் கடிதங்களைத் தெருவில் நிற்பவர்களிடம் படித்துக் காட்டுவது முறையல்ல. இனி அவ்வாறு செய்ய வேண்டாம். நான் திரைப்படங்கள் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். அதனால் எழுதுவதற்கு எதுவும் இல்லை. நீங்களும் அடிக்கடி எழுதிச் சிரமப்பட வேண்டாம்.

நீங்கள் கேட்ட அந்தப் படத்தில் கடைசியில் அந்தப் பெண் இறந்துவிடுகிறாள். அவளுடைய வாயாலேயே அது நடக்கிறது. அத்துடன் கதை முடிகிறது.

இப்படிக்கு,
தங்கள் சகோதரி

*

ஏப்ரல் 8
கடவுள் துணை

அன்புத் தங்கை வாலுவுக்கு,

அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல். பதிவுத் தபால் வேண்டாம் என்று நீ சொல்லியும் அனுப்பியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அத்தானுக்கு இருமல் தேவலை. வேனுக்குப் புது டயர் போட்டோம். எத்தனையோ சீன் நீ சொல்லிவிட்டாய், இந்தத் தடவை என் முறை.

ஒரு தபால் ஆபீஸ். ஒரு மனிதர் வரிசையில் நின்று, சீட்டைக் கொடுத்து, ஒரு கவரை வாங்குகிறார். அவர் பெயருக்கு வந்த கவர் இல்லை. ஆனாலும் பெஞ்சில் உட்கார்ந்து பிரிக்கிறார். டயர் சமாச்சாரம் வரும்போது அவருக்குக் கொட்டாவி வருகிறது. ஆனாலும் ஒரு வரி விடாமல் படிப்பார். அது அவர் வழக்கம்.

மாப்பிள்ளை, இனி உங்களுக்கு.

என் தங்கை ஜாடையாகச் சொன்னாள். எனக்கு உறைக்கவில்லை. கொட்டகைக்காரர் பச்சையாகச் சொன்னார். அதையும் நான்தான் என் கையால் எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, உங்கள் கையிலேயே கொடுத்தேன். அதற்கு அவள் என்ன பட்டாளோ தெரியாது. அவளை உயிரோடு கொடுக்கச் சொல்லிக் கேட்டவள் நான். அனுசரித்துப் போ என்று எழுதியவளும் நான்தான். இரண்டையும் கடவுள் பார்த்துக்கொண்டுதான் இருப்பான்.

உங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்து அவளுடையது, கடிதம் உங்களுடையது. என் தங்கை என்னை 'நீங்கள்' என்று சொன்னதே கிடையாது. அந்தப் படம் எந்த ஊரிலும் ஓடவில்லை, கொட்டகைக்காரர் சத்தியம் செய்கிறார். ஓடாத படத்துக்கு முடிவு உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

இதை உங்கள் ஊருக்கு வந்துதான் முன்கூட்டி எழுதித் தபாலில் சேர்க்கிறேன். நீங்கள் இதைப் படிக்கிற இன்று, காலையிலிருந்து உங்கள் தெருவில் ஒரு ரொட்டி வேன் நிற்கிறது. ஓட்டுகிறவரை உங்களுக்குத் தெரியும், ஆனால் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். பின்னால் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் நானும், பூட்டு திறக்கிற ஒருவரும், உங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண் ஏட்டும். ஏட்டம்மாவிடம் மூன்று கடிதத்தையும் படித்துக் காட்டியாகிவிட்டது. தெருவில் நிற்பவர்களிடம் படிக்கக் கூடாது என்றீர்களே, இந்த முறை உட்கார வைத்துத்தான் படித்தேன். தபால் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நீங்கள் தெருமுனை திரும்பும் வரை காத்திருந்தோம். பிறகு வேன் பின்பக்கச் சந்துக்குள் போயிற்று.

கடிதம் நீளம்தான். அவ்வளவு நேரம் எங்களுக்கு வேண்டியிருந்தது. முன்பக்கப் பூட்டு இறுகல் என்று அவளே சொல்லியிருக்கிறாள், அதனால் பின்பக்கத்தைத்தான் திறக்கிறோம். நீங்கள் இப்போது எழுந்து ஓடலாம். தபால் ஆபீஸ் வாசலிலும் ஒருவரை நிறுத்தியிருப்பதாக ஏட்டம்மா சொன்னார்.

சீனின் கடைசி மட்டும் எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்துக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு வரி இல்லை. சந்துப் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு நாளாகச் சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்கவில்லை என்கிறார். நான் கதவை அகலமாகத் திறந்து வைக்கப் போகிறேன். வெளிச்சம் உள்ளே விழட்டும். வாலு என்று ஒரு தடவை கூப்பிடுவேன்.

அவள் எழுந்து வர வேண்டும்.

இப்படிக்கு,
வாலுவின் அக்கா