ஜோடியில்லாமல் ஆடப் போகிறவரின் அறிவித்தல்

மங்களம்,

ஆங்கிலேய நாட்டுப்புற நடனக் கிளப்பின் மூத்த உறுப்பினனாகிய நான், இன்றும் நாளையும் நடைபெறும் பயிற்சி விழாவுக்கு, மனைவியின் ஆணைப்படி, தன்னந்தனியே எழுந்தருளுகிறேன் என்பதைச் சகலருக்கும் அறியத் தருகிறேன்.

கஞ்சி பிளாஸ்கில் இருக்கிறது. குமட்டிச் சத்தி வந்தால் வெள்ளைக் குளிசையை விழுங்கு. உன் தங்கச்சி பதினொரு மணிக்கு வருவாள். வாசல் கதவுத் திறப்பு அவளிடம் இருக்கிறது.

"என்ரை கீமோவுக்கு நீங்கள் காவல் இருக்க வேண்டாம், போய் ஆடுங்கோ!" என்று நேற்றுக் கத்தினாய். சரி. ஜோடி வராதவர் எதிரே வெற்றிடம் விட்டு, அந்த வெற்றிடத்துக்கே கைகொடுத்துச் சுற்ற வேண்டும். பயிற்றுநர் அதைப் பெருங்கலை என்கிறார். அதற்கென்றே இன்று ஒரு வகுப்பு.

பிற்குறிப்பு: ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பிவிட்டேன். அந்த வெற்றிடத்தை இப்போதே பழக எனக்கு ஏலாது. குசினியில், அடுப்படியில்தான் இருக்கிறன்.