ஏரிக்குப் பசி இல்ல

செஞ்சி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஸ்ரேயாம்சுக்கு அம்மா எழுதுறது. பகவான் புண்ணியத்துல நானும் நைனாவும் நடமாடிக்கிட்டு இருக்கிறோம், நீயும் கத்தார் வெயில்ல அலையாம வேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும். போன்ல பேசுனா அழுதுடுவேன்னுதான் எழுதுறேன்.

உன் தங்கச்சி மதுமிதாவோட பிளஸ் ஒன் படிக்கிற அப்ஸானா, டெய்லர் சர்தார் பாய் பொண்ணு, நம்ம வூட்டுக்கு வந்து படிக்குமே, அது போயிடுச்சுடா. ஆட்டை ஓட்டியாரப் போனது ஏரியில கால் வெச்சிருக்குது, முழங்கால் தண்ணின்னு நெனைச்ச இடத்துல லாரி வெச்சு மண்ணு அள்ளுன பள்ளம், மழையில ரொம்பி தெரியாம கெடந்திருக்குது. தூக்கியாந்தப்ப பார்த்தேன், ரெட்டைப் பின்னல்கூட கலையல.

மறுபடி கிளாஸ் ஆரம்பிச்சதும் இங்கிலீஷ் டீச்சர் விட்ட பாடத்தை நடத்துனாங்களாம். சிமிலி, மெட்டஃபர்னு உவமை, உருவகமெல்லாம் முன்ன ரெண்டு பொண்ணுங்களும் கூடத்துல உக்காந்து ஒப்பிச்சதுதான். அன்னைக்கு பெர்சானிஃபிகேஷனாம், உயிரில்லாதது மனுஷன் மாதிரி செய்யுதுன்னு எழுதுறது. அந்தம்மா கெட்டவங்க இல்ல, அழுதுகிட்டேதான் போர்டுல எழுதியிருக்காங்க, பசியெடுத்த ஏரி நம்ம அப்ஸானாவை விழுங்கிடுச்சுன்னு. மது எழுந்து, ஏரிக்குப் பசி இல்ல மிஸ், பள்ளம் தோண்டுனவருக்குப் பேர் இருக்குது, அதை எழுதுங்கன்னு சொல்லி லாரிக்காரர் பேரையும் சொல்லிட்டா. டீச்சர் போர்டை அழிச்சாங்களாம்.

சாயங்காலமே அந்த லாரிக்கார ஆள் வாசல்ல வந்து நின்னு, தனியா பஸ் ஏறி போய் வர்ற பொண்ணு, அடக்கி வைங்கன்னு நைனாகிட்ட சொல்லிட்டுப் போனான். நம்ம வழக்கப்படி பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட உக்காந்த நைனா, சாப்பிடாமலே கையைக் கழுவிட்டாரு. மதுகிட்ட, போய் மன்னிப்பு கேளும்மான்னாரு. நான் இன்னா தப்பு செஞ்சேன் நைனான்னு இவ கேக்குறா.

நேத்து சர்தார் பாய் போலீசுக்குப் போனாரு. லாரி மண்ணு அள்ளுனதைப் பார்த்தோம்னு சொல்ல ஊர்ல ஒருத்தரும் கூட வரல. மது கெளம்பிட்டா. நைனா கதவாண்ட நின்னு தடுத்தாரு, நான் செருப்பைப் போட்டுக்கிட்டு அவளோட போனேன். எழுதி வாங்கிக்கிட்டாங்க, பார்க்கலாம்னாங்க. இன்னைக்கும் லாரி ஓடுது, இங்க சத்தம் கேக்குது.

நீ தலையில எண்ணெய் வெச்சுக்கோ, ராத்திரி கண் முழிக்காதே. பகவான் உன்னை ஒரு கொறையும் இல்லாம வெச்சிருக்கட்டும். ஒண்ணு மட்டும் மறக்காதே, தங்கச்சிகிட்ட பேசும்போது பயந்துபோய் அவளைச் சும்மா இருன்னு சொல்லிடாதே. அதைச் சொல்ல இங்கயே ஆள் நெறைய இருக்குது.

உன் நெனைப்பாவே இருக்கிற அம்மா,
திரிசலா