நீங்கள் சொல்லாமல் விட்டது

நேற்று பாரிஸ் லா ஷப்பலில், தமிழ்க் கடையில் மரக்கறி வாங்கப் போனேன், அக்கா. வெண்டிக்காய்ப் பெட்டிக்கு முன்னால் நின்ற ஆப்பிரிக்கப் பெண்ணிடமிருந்து நீங்கள் கையில் பூசுகிற அந்தக் களிம்பின் வாசம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அதே உயரம், அதே பின்னல். கல்லாவில் இருந்த முதலாளி உள்ளே நின்றவரிடம் சொன்னார்: "அங்கை ஒருத்தி நிக்கிறாள். அவளின்ர பையிலை ஒரு கண் வைச்சிரும்." அவளுக்குத் தமிழ் தெரியாது. தெரியவும் தேவையிருக்கவில்லை. பையை முன்னால் இழுத்து, எல்லோருக்கும் தெரியும்படி திறந்து வைத்துக்கொண்டாள்.

"அண்ணை, நானும் பையோடைதானே நிக்கிறன். என்னை ஏன் பாக்கேல்லை?" என்று கேட்டேன்.

"என்ன தங்கச்சி, நீர் எங்கடை ஆளெல்லே!" என்று சிரித்தார். எடுத்ததை வைத்துவிட்டு வந்துவிட்டேன். பெரிய வீரம்! அதற்கு எனக்கு ஐந்து வருடம் பிடித்தது.

அக்கா என்று உங்களை இப்போதுதான் கூப்பிடுகிறேன். நாம் வேலை செய்த ஹோட்டலில் அறை துப்புரவாக்கிய தமிழ்ப் பெண்கள் எல்லோரும் எனக்கு அக்காமார். ஆப்பிரிக்காவில் அபிஜானிலிருந்து வந்த நீங்கள் மட்டும் வெறும் பெயர். ஆறு வருடம் நாலாம் மாடியில் நீங்களும் நானும் சோடி. நீங்கள் கட்டில், நான் குளியலறை. என் முதுகு பிடித்துக்கொண்ட நாட்களில் இரண்டையும் நீங்களே செய்தீர்கள்.

நிலக்கீழ் அறையில் பத்து மணிக்குத் தேநீர். வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுவருவோம். தமிழ்ப் பெண்கள் எங்கள் மூன்று பேருக்கும் எவர்சில்வர் கப். உங்களுக்கு விருந்தாளிகளின் குளியலறையில் வைக்கிற, உறை போட்ட பிளாஸ்டிக் கப். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. கை தானாகப் போனது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு வேலி அடைக்க வருகிறவருக்கு அம்மா தனியாக ஒரு தகரப் பேணி வைத்திருந்தா. கடவுச்சீட்டுக்கூட இல்லாமல் வந்து சேர்ந்த நாங்கள் அதை மட்டும் மறக்காமல் கொண்டுவந்திருந்தோம்.

ஒருநாள் அந்தக் கப்பைக் கையில் திருப்பிப் பார்த்தீர்கள். "எனக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் புதுசு. நான் என்ன, இஞ்சை தங்க வந்த விருந்தாளியோ?" என்று சிரித்தீர்கள். நாங்களும் சிரித்தோம். சீ, என்ன சிரிப்பு அது!

பிறகு அந்த மணிக்கூட்டுக் கதை. யாரோ ஒரு விருந்தாளியின் கைக்கடிகாரம் காணாமல் போனது. மேற்பார்வைக்காரி வந்து எங்கள் அத்தனை உடுப்பு அலுமாரிகளில் உங்களுடையதை மட்டும் திறக்கச் சொன்னாள். உங்கள் பையை வாங்குப் பலகையில் தலைகீழாகக் கொட்டினாள். களிம்பு டப்பா, மகளின் படம், காலுறை. பக்கத்தில் சப்பாத்து மாட்டிக்கொண்டு நான் நின்றேன். மாலையில் கடிகாரம் விருந்தாளியின் கோட்டுப் பைக்குள்ளேயே கிடந்ததாம். உங்களிடம் வந்து மன்னிப்பு என்று ஒரு சொல் சொன்னார்களா? இல்லை.

அடுத்த மாதம் எங்கள் குறை கேட்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தா. காலைச் சாப்பாட்டு மண்டபத்தில் கதிரைகளை வட்டமாகப் போட்டு, "இஞ்சை ஒருத்தரும் பயப்பிடாமல் கதைக்கலாம்" என்றா. மூலையில் மேற்பார்வைக்காரி நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தோம். நீங்கள் எழும்பினீர்கள். விருந்தாளிகள் வெளியேறிய ஊத்தை அறைகள் எப்போதும் உங்கள் தலையில்தான் என்பதை, உங்கள் பின்னலைப் பற்றி மேற்பார்வைக்காரி கேலியாகச் சொன்னதை, அலுமாரியை, ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். குரல் உயரவே இல்லை. கடைசியில் என் பக்கம் திரும்பினீர்கள். "இவ பக்கத்திலைதான் நிண்டவ. கேளுங்கோ."

என் வதிவிட அட்டை புதுப்பிக்க இருந்தது. அதற்கு வேலைக் கடிதம் வேண்டும். கடிதம் மேற்பார்வைக்காரி வழியாகத்தான் வரும். "நான் ஒன்றும் பார்க்கவில்லை" என்றேன். எனக்குப் பிரெஞ்சு எப்போதும் தடக்கும். அந்த வசனம் மட்டும் ஒரு பிழையில்லாமல் வந்தது.

வந்த பெண் உங்களிடம் இன்னொன்று கேட்டா. "கூட வேலை செய்யிற ஆக்களாலை ஏதும் பிரச்சினையோ?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வை இன்றைக்கும் என்னை விடவில்லை. சாமான் கழுவும்போது வருகிறது, ரயிலில் வருகிறது. பிளாஸ்டிக் கப்பைச் சொல்லப்போகிறீர்கள் என்று நினைத்தேன். "இல்லை. அவையள் நல்ல ஆக்கள்" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தீர்கள்.

உங்களை விமான நிலையத்துப் பக்கத்து ஹோட்டலுக்கு மாற்றினார்கள். கடைசி நாள் ரயில் நிலையம் வரை சேர்ந்து நடந்தோம். "பயந்தவளோடை என்னெண்டு கோவிக்கிறது?" என்றீர்கள். "ஆனா நான் இனி ஆரிட்டைச் சொல்லுறது?" என் ரயில் வந்தது, ஏறிவிட்டேன். நீங்கள் ஹோட்டல் மேல் வழக்குப் போட்டதையும், விசாரணைக்கு முன் நோய் உங்களைக் கொண்டுபோனதையும் பிறகு யாரோ சொல்லித்தான் அறிந்தேன்.

போன மாதம் உங்கள் மகள் லா கூர்னெவிலிருந்து பொபினியில் எங்கள் வீட்டுக்கு என்னைத் தேடி வந்தாள். வழக்கை அவள்தான் தொடர்கிறாள். சாட்சிக் கடிதம் கேட்டாள். "செத்த ஆளுக்கு இனி எழுதி என்ன? எங்களுக்கேன் வம்பு?" என்று இவர் அறைக்குள்ளிருந்து முணுமுணுத்தார். "எனக்கு வேணும்" என்றேன். இருந்து எழுதினேன். உங்கள் அலுமாரியை மட்டும்தான் திறந்தார்கள், நான் பக்கத்தில் நின்றேன், பார்த்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பிள்ளை அதை இரண்டு தரம் வாசித்தாள். அழுதாள். "அம்மா உங்களைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. அங்கை எனக்கெண்டு இருந்த ஒரே ஆள் எண்டுதான் சொல்லுவா" என்று என்னைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னாள்.

அந்தக் கப்பையும் நான் மறுத்ததையும் வீட்டிலும் சொல்லவில்லையா, அக்கா? பெற்ற பிள்ளையிடமுமா? ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் என் முகத்தில் காறித் துப்பியிருப்பாள், நானும் துடைத்துக்கொண்டு ஆறியிருப்பேன். இப்போது நீங்கள் சொன்ன பொய்யை அவள் உண்மை என்று கொண்டு திரிகிறாள். அதைத் திருத்த என்னைத் தவிர ஆளில்லை. வாசல் வரை அவளோடு போனேன், லிஃப்ட் வரும்வரை நின்றேன். சொல்லவில்லை.