அன்னாசித் தோட்டத்தில் எடுத்த படம்

டேய்,

உன் கேமரா இப்போது என் மேசைமேல் இருக்கிறது. நேற்று சாயங்காலம் உன் மகள் கொண்டுவந்து கொடுத்தாள். "அம்மா குடுக்கச் சொன்னாங்க மாமா. எங்க வீட்டுல இருந்தா சும்மா பூசணம் புடிச்சிரும்னாங்க" என்றாள். அவள் போன பிறகு பையைத் திறந்தேன். குப்பென்று தைல வாசம். கொசு கடிக்கும் என்று கையிலும் கழுத்திலும் நீ பூசிப் பூசி, கேமராவின் கழுத்துப்பட்டை முழுக்க அந்த எண்ணெய் ஊறிப் போயிருக்கிறது. "இந்த நாத்தத்துக்கே பறவையெல்லாம் பறந்து போயிரும்" என்று எத்தனை தடவை உன்னைத் திட்டியிருப்பேன்! நேற்று அதே பட்டையை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வெட்கம்தான் வந்தது. நீ போனதிலிருந்து எனக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் அதுதான் வருகிறது.

இதை வாங்கிய அன்று நானும் உன்னோடு ஜொகூர் பாருவில் அந்தக் கடைக்கு வந்திருந்தேன். வந்திருந்தேன் என்ன, பெரிய நிபுணர் மாதிரி முன்னால் நடந்தேன். என்னிடம் லென்ஸ் மாற்றும் பெரிய கேமரா இருக்கிறதல்லவா, முக்காலி இருக்கிறதல்லவா, அந்தத் திமிர். உனக்கும் அப்படி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். நீ என்னடாவென்றால், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சூப்பர்ஜூமைக் காட்டி, "அத கொஞ்சம் எடுங்க பாஸ்" என்றாய். ஒரே லென்ஸ், கழற்ற முடியாது, உள்ளேயிருந்து நீண்டுகொண்டே போகும். கடை வாசலுக்குப் போய், எதிர்ப்பக்கக் கடையைப் பார்த்து ஜூமை இழுத்தாய். "மச்சான், அந்த அம்மா விரல்ல போட்டிருக்கிற மோதிரம் தெரியுது லா!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாய்.

ஆனால் நீ கேட்ட கேள்விகள் ஒன்றும் சின்னப் பிள்ளைக் கேள்விகள் இல்லை. வெயிலில் பின்திரை தெரியாதே, கண்ணை வைத்துப் பார்க்கும் துளை இருக்கிறதா என்று கேட்டாய். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், ஜூமை முழுக்க இழுத்தால் கை நடுக்கத்தைச் சமாளிக்குமா, மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். தினமும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் கிடங்கு வேலைக்கு மோட்டாரில் போய்வருகிறவன் நீ. வழியில் ஏதாவது கண்ணில் பட்டால் நிறுத்தி எடுக்கலாம் என்பது உன் கணக்கு. நான் விடவில்லை. "சென்சார் சுண்டுவிரல் நகம் அளவுதான்டா. வெளிச்சம் கொறஞ்சா படம் மண்ணு மண்ணா வரும். இது பொம்ம கேமரா" என்றேன், கடைக்காரர் காதில் விழும்படி. நீ சிரித்தாய். "நீ லென்ஸ மாத்தி முடிக்கிறதுக்குள்ள பறவ பத்து பகாட் ஊருக்கே போய்ச் சேந்துரும் மச்சான்" என்றாய். கடைக்காரரும் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது.

சென்சாரைப் பற்றி நான் சொன்னது பொய்யில்லை. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் நீ அந்தச் சின்ன சென்சாரோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டாய். ஞாயிற்றுக்கிழமை ஸ்கூடாயிலிருந்து நான் காரை எடுத்து வந்து உன் தாமான் குடியிருப்பில் ஹார்ன் அடிப்பதற்குள், பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கேட் அருகே நிற்பாய். பெக்கான் நானாஸ் போய் அன்னாசித் தோட்டத்து ஓரத்தில் நிறுத்தினால், நீ இறங்கியதும் ஜூமை இழுக்கமாட்டாய். முதலில் அகலமாக வைத்து, மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும் கட்டையைக் கண்டுபிடித்து, அதை நடுவில் நிறுத்தி, பிறகுதான் மெதுவாக இழுப்பாய். முழங்கையை என் கார் பானட்டில் ஊன்றிக்கொள்வாய். அழுத்தும்போது ஆடாமலிருக்க டைமரை வைத்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பாய். வெயில் ஏறிவிட்டால் நிறுத்திவிடுவாய். "மண்ணு சூடாயிருச்சு மச்சான். இனிமே எடுத்தா படம் கொழகொழன்னு வரும்" என்பாய். கறுத்த மண்ணிலிருந்து எழும் அனலில் தூரத்துக் காட்சி நெளிவதை நான் உன்னைப் பார்த்துத்தான் கவனித்தேன்.

சாஆ ஊர்ப் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் அந்த ஆந்தை ஞாபகம் இருக்கிறதா? நான் முக்காலியைத் திருகிக்கொண்டிருந்தபோதே நீ எடுத்து முடித்துவிட்டாய். முகம் முழுக்க, ஒவ்வொரு இறகும் தெரிய. முதலில் என்னிடம்தான் காட்டினாய். எப்போதும் முதலில் என்னிடம்தான் காட்டுவாய். நான் திரையைப் பார்த்துவிட்டு, "ம்ம். கொஞ்சம் மண்ணு இருக்கு" என்றேன். நல்லா இருக்குடா என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, என்றைக்குமே வரவில்லை. பொறாமை. வேறென்ன பெயர் வைப்பது?

அந்த வாரம் நீ, படமெடுக்கும் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவான நம் புலனக் குழுவில் ஒரு படம் போட்டிருந்தாய். வாயில் மீனோடு மீன்கொத்தி. கைப்பேசி நாள் முழுக்க டொக் டொக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. "சூப்பர் அண்ணே", "எந்த லென்ஸ் அண்ணே?" என்று ஆளாளுக்கு உன்னைத் தூக்கிவைத்தார்கள். அதற்கு முந்தின நாள் நான் போட்ட செந்நாரையை ஒரு ஈ காக்கை சீண்டவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

அந்த ஞாயிறுதான் அது நடந்தது. அன்னாசித் தோட்டத்து மண் பாதையில் நின்று, "எப்ப பாத்தாலும் பொம்ம பொம்மங்கிற. நீயே ஒரு தடவ புடிச்சிப் பாரேன்லா. நான் அந்தக் கடைசில போய் நிக்கிறேன்" என்று கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு நடந்தாய். பாதை முடியும் இடத்தில் நீ ஒரு புள்ளியாக நின்று திரும்பினாய். அந்த நேரத்துக்குள் நான் செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருந்தேன். கை நடுக்கத்தைத் தாங்கும் வசதியை அணைத்தேன். ஐ.எஸ்.ஓ.வை உச்சத்துக்கு ஏற்றினேன். ஏற்றினால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பொரிந்துவிடும். லென்ஸ் இழுக்கக்கூடிய தூரத்தையும் தாண்டி, வெறுமனே பெரிதாக்கிக் காட்டும் ஜூம் வரை தள்ளினேன். கார் பக்கத்திலேயே இருந்தும் சாயாமல் ஒற்றைக் கையில் பிடித்தேன். நீ இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். அழுத்தினேன்.

எதிர்பார்த்தபடியே வந்தது. திரையை உடனே என் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டேன். நீ மூச்சு வாங்க ஓடிவந்து பார்த்தாய். "அலமாக்! என்னா மச்சான் இப்படி வந்திருக்கு?"

"அதான் அப்பவே சொன்னேனே. பொம்ம."

நீ கட்டைவிரலால் ஏதோ சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தாய். பிறகு, "அங்க ஒரு நார நின்னுச்சு. பாத்துட்டு வந்துர்றேன்" என்று மறுபடியும் அதே பாதையில் போனாய். நான் காரில் சாய்ந்துகொண்டு குழுவில் போட்டேன்: "சூப்பர்ஜூமில் நம் அண்ணன். ஆளா, ஆவியா? கண்டுபிடிப்பவருக்கு அன்னாசி இலவசம்." சிரிப்பு முகங்களாக வந்து கொட்டின. நீயும் பிறகு ஒரு சிரிப்பு முகம் போட்டு, "அன்னாசி எனக்குத்தான்" என்று எழுதினாய். திரும்பும் வழியில் சாலையோரக் கடையில் நீயே பழம் வாங்கி, வெட்டச்சொல்லி, பாதியை என்னிடம் நீட்டினாய். நான் வாங்கித் தின்றேன்.

அதன் பிறகும் எத்தனையோ ஞாயிறு போனோம். நானும் அதை மறந்துவிட்டேன். நீ வேலைக்குக் கிளம்பி வாசலில் ஹெல்மெட்டை மாட்டும்போதே சாய்ந்துவிட்டாய் என்று உன் மனைவி போன் செய்தபோது, மருத்துவமனைக்கு நான் ஓடிவந்தபோது, அந்தப் படம் என் நினைவிலேயே இல்லை.

உன் தலைமாட்டில் அடையாள அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். விறைப்பாக, யாரோ மாதிரி. நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி என்னைப் பார்த்ததும் கேட்டாள். "மூஞ்சில சிரிப்பே இல்ல அண்ணே. அவரு இப்படியா இருந்தாரு? வீட்டுல எல்லாப் படமும் அவரு எடுத்தது, அவரு எதுலயும் இல்ல. நீங்க வாரா வாரம் ஒன்னா போனீங்களே. பதினாறாம் நாளுக்காவது ஒரு நல்ல படம் குடுங்கண்ணே."

"அதுக்கென்ன தங்கச்சி, எவ்வளவோ இருக்கும்" என்று பெரிய மனிதர் மாதிரி சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் எல்லாவற்றையும் கொட்டித் தேடினேன். மீன்கொத்தி இருக்கிறது, நாரை இருக்கிறது, பருந்து இருக்கிறது, நிலா இருக்கிறது. நீ இல்லை. படத்துக்குள் மனிதர் வந்துவிட்டால் அழித்துவிடுவது என் வழக்கம். உன் தொப்பி ஓரத்தில் தெரிந்தால்கூட அழித்திருக்கிறேன். தொலைவில் இருப்பதை எல்லாம் விழுந்து விழுந்து எடுத்தவன், தோளை இடித்துக்கொண்டு நின்ற உன்னை எடுக்கவில்லை. உலகத்திலேயே உன்னை நான் எடுத்த படம் அந்த ஒன்றுதான்.

இல்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். தங்கச்சியின் முகம் வந்து நின்றது. உன் கேமராவின் மெமரி அட்டையை வாங்கி, அந்த ஒரு படத்தை மட்டும் தேடி நகலெடுத்துக்கொண்டு, உடனே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தைரியமில்லை. கணினியில் உட்கார்ந்து புள்ளிகளைக் குறைத்து, நிறத்தைச் சரிசெய்து, நான் கெடுத்ததை என்னாலானவரை நானே ஒட்டுப்போட்டேன்.

பதினாறாம் நாள் மாலைக்கு நடுவே நீ இரண்டு கையையும் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாய். வந்தவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்றார்கள். "அப்படியே உயிரோட வர்ற மாதிரி இருக்கு" என்றார்கள். "யாரு எடுத்தது?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் தங்கச்சி என்னைக் காட்டினாள். "அண்ணன் இல்லன்னா இந்தச் சிரிப்பு எங்ககிட்ட இருந்திருக்காது." அன்று குழுவில் முதல் சிரிப்பு முகம் போட்டானே அந்தத் தம்பி, அவனும் வந்திருந்தான். படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடாமல் போய்விட்டான். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கம் தாங்கவில்லை என்று நினைத்து யாரோ என் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். பூமி பிளந்து உள்ளே போயிருக்கலாம் போலிருந்தது.

இன்று காலை கேமராவைப் போட்டேன். அந்தப் படத்துக்கு வந்து, பக்கத்துப் பொத்தானை அழுத்தினேன். அடுத்த படத்தில் இருந்தது நான்.

நீ நின்ற அதே கடைசியிலிருந்து எடுத்திருக்கிறாய். காரில் சாய்ந்து நிற்கிறேன். என் மீசை நரை ஒவ்வொன்றும் தெரிகிறது. காதோரம் வழியும் வியர்வை தெரிகிறது. கையில் கைப்பேசி, கட்டைவிரல் அதன்மேல், பல்லெல்லாம் தெரிய இளித்துக்கொண்டிருக்கிறேன். உன்னைக் கிண்டல் செய்து எழுதிக்கொண்டிருந்த நேரம். ஒரு நடுக்கம் இல்லை, ஒரு புள்ளி இல்லை. நான் மாற்றிவைத்ததையெல்லாம் நீ பார்த்து, சரிசெய்து, திரும்ப நடந்துபோய் எடுத்திருக்கிறாய். நாரையாம் நாரை!

இதை நீ குழுவில் போட்டிருந்தால் என் வாய் அன்றோடு அடைத்திருக்கும். போடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. உடனே தங்கச்சிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன், அழுதுகொண்டே.

"தெரியும்ண்ணே" என்றாள். "அன்னிக்கே வந்து ரெண்டு படத்தையும் காட்டினாரு."

"தெரிஞ்சுமா எல்லார் முன்னாலயும் என்னைய அப்படிச் சொன்ன?"

"அவரு சிரிச்சது நெசந்தானே அண்ணே. உங்களப் பாத்துதானே சிரிச்சாரு." பிறகு அவளே சொன்னாள். "எனக்கு அப்ப கோவம்தான். நீங்களும் அந்த அண்ணன் படத்தப் போடுங்க, எல்லாரும் பாக்கட்டும்னேன். வேணாம்னுட்டாரு."

"ஏனாம்?"

"'போட்டா அவன் அடுத்த ஞாயிறு வரமாட்டான்லா'ன்னாரு."

சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய். வந்திருக்க மாட்டேன்டா.