கூடைக்குள் ஒரு போல்ட்டு

இன்று காலையில் துணி சோப்பைத் தேடிக் கொல்லைப்புற அலமாரிக்குள் கைவிட்டபோது உன்னுடைய போல்ட்டு அகப்பட்டது. கட்டைவிரல் பருமன், துருவேறிய தலை, அதில் இன்னும் ஒட்டியிருந்த கரித்தூள். விரலை மோந்து பார்த்தேன். இரும்பும் கரியும் கோழிக்கூண்டும் கலந்த வாடை. சிநேகிதியின் ஞாபகம் மல்லிகைப்பூ வாசத்தில் வருமென்று சொல்வார்கள். எனக்கு வாய்த்தவள் நீ, உன் ஞாபகம் இப்படித்தான் வரும்.

போல்ட்டு சமயம் பார்த்துத்தான் வந்திருக்கிறது. சின்னச் செவலை சில நாளாகக் கூண்டைவிட்டு இறங்கவில்லை. முட்டையே இல்லாத வெறும் வைக்கோலின் மேல் சிறகைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு 'கொர்ர்' என்கிறது. நேற்று ஒரு கொத்தும் கொடுத்தது. அடைக்கு வந்துவிட்டது, சந்தேகமே இல்லை. நீ இருந்திருந்தால் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருக்கும் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "இன்னாடி, உம் பொண்ணு படுத்துகினாளா?" என்று கேட்டிருப்பாய்.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பிறந்த நான் கோழியைக் குழம்புச் சட்டியில் மட்டுமே பார்த்தவள். நீ கோலார் தங்கவயலில் கோழிகளோடு வளர்ந்தவள். சுரங்கம் மூடியபின் லிங்கராஜபுரத்துக்குக் குடிவந்து, பெட்டியைப் பிரிக்கும் முன்பே என் கொல்லையை எட்டிப் பார்த்து, "இவ்ளோ எடத்த சும்மா வுட்டு வெச்சிகிறியே" என்றாய். அடுத்த வாரமே நான்கு பெட்டைகளும் ஒரு சேவலும் வந்துவிட்டன. இடம் என்னுடையது, அதிகாரம் உன்னுடையது.

சேவல்தான் நிலைக்கவில்லை. விடிவதற்கு முன்பே கூவுகிறதென்று மாடிவீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையே அது உன் வீட்டுச் சட்டியில் இறங்கியது, மாடிக்கும் ஒரு கிண்ணம் போயிற்று. அதற்கப்புறம் வெறும் பெட்டைகள்தான். சேவல் சேராத முட்டை பொரிக்காது. பொரிக்காத முட்டையை நம்பி உட்காரும் கோழி தீனியை மறந்து இளைத்துப் போகும், பேன் பிடிக்கும். அதனால் எந்தக் கோழி அடைக்கு வந்தாலும் கலைத்தே ஆகவேண்டியிருந்தது.

கலைப்பதில் நமக்குள் நடந்த சண்டை தெருவுக்கே தெரியும். நீ பக்கெட் தண்ணீரில் முக்கினாய். கோழி உதறிக் காய்ந்து மறுபடி போய் உட்கார்ந்தது. மூக்கில் இறகு செருகலாம் என்று நீ வந்தபோது நான் குறுக்கே நின்றேன். "மூக்கு குத்தி அனுப்ப இதுக்கு மாப்பிள்ளையா பாத்து வெச்சிருக்க?" என்று கேட்டதும் நீ இறகைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாய். அப்புறம் நான் என் வழியைச் செய்து காட்டினேன். வெளிச்சமான இடத்தில் நான்கு செங்கல், அதன்மேல் பழைய ஜன்னல் கம்பி வலை, வலைமேல் கோழி, அதன்மேல் கவிழ்த்த மூங்கில் கூடை. பக்கத்தில் தீனியும் தண்ணீரும். அடிவயிற்றில் காற்றுப் பட்டால் சூடு இறங்கும், சூடு இறங்கினால் ஆசையும் இறங்கும். சில நாளில் அது எழுந்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி மண்ணைக் கிளறப் போய்விட்டது. கலைப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நீயே ஒப்புக்கொண்டாய். சும்மா சொல்லவில்லை, இன்றைக்கும் ஆளில்லை.

போன கோடையில் பெரிய செவலை அடைக்கு வந்தபோது வழக்கம்போலக் கூடையோடு போனேன். நான் அடுக்கி வைத்திருந்த செங்கலின் மேல் நீ உட்கார்ந்திருந்தாய். வயிற்றுக் கட்டிக்கு ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்த சமயம்.

"இந்த வாட்டி வுட்டுர்றி," என்றாய். "குஞ்சு பாக்கணும்."

கூடையைக் கீழே வைத்தேன். நேரே சிவாஜிநகருக்குப் பஸ் ஏறி, நாட்டுக்கோழி முட்டை என்று கடைக்காரர் சத்தியம் செய்ததை வாங்கிவந்தேன். நீ ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆம்லெட் போடு" என்று திருப்பிக் கொடுத்தாய். "கடக்காரன் பேச்சக் கேக்காத. சேவல் கூவறத உங் காதால கேட்டுட்டு வாங்கு." பின் தெரு ஆட்டோக்காரர் வீட்டு வாசலில் நான் காத்து நின்று, அவருடைய சேவல் கூவியபின் வாங்கிவந்த முட்டைகளைத்தான் நீ கூடையில் வைத்தாய். மணல், அதன்மேல் வைக்கோல், ஒற்றைப்படையாக முட்டை. கடைசியில் ஒரு கரித்துண்டும் இந்தப் போல்ட்டும் வைக்க வேண்டும், இடி இடித்தால் கரு கலங்காமலிருக்க என்றாய். சுரங்கத்துக்குள் வெடிச்சத்தத்திலேயே வேலை செய்த உன் அப்பா, கோழிக்கூடைக்கு மட்டும் மறக்காமல் இரும்பு வைப்பாராம். நான் சிரித்த சிரிப்பில் உனக்குக் கோபம் வந்து, போல்ட்டை அலமாரியில் போட்டுவிட்டுப் போய்விட்டாய். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் இடிக்கே உன் போன்.

"போல்ட்டு வெச்சியா?"

"இல்ல. எனக்கு அதுல நம்பிக்க இல்ல."

"உன் நம்பிக்கைய யார்றி கேட்டா? அட காக்கறது நீயா? போயி வெய்யி."

குடையைக் காற்று பிடுங்கிக்கொண்டது. தொப்பலாக நனைந்தபடி போல்ட்டையும் கரியையும் செவலையின் வயிற்றுக்கடியில் வைத்தேன். அது என் கையைக் கொத்திக்கொண்டே இருந்தது. போனில் நீ, "வெச்சிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். வைத்துவிட்டேன் என்றதும் நீ விட்ட பெருமூச்சு இடியையும் தாண்டிக் கேட்டது.

குஞ்சு பொரித்தபோது நீ வீடு திரும்பும் நிலையில் இல்லை. நீ வரமுடியாவிட்டால் குஞ்சு வரட்டும் என்று, சாப்பாட்டுப் பைக்குள் துணி சுற்றி ஒன்றை வார்டுக்குக் கொண்டுவந்தேன். பை 'கீச்' என்றது. "ஏனம்மா அது சப்த?" என்று நர்ஸ் கன்னடத்தில் கேட்டாள். "போன், சிஸ்டர்" என்றாய் நீ, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அந்தப் பெண் பையைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள், "சார்ஜ் ஹாக்கி", சார்ஜ் போடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். நல்ல பிள்ளை.

குழாய் குத்தியிருந்த கையில் குஞ்சை வைத்துக்கொண்டு அதன் காலைத் தடவினாய். "கெட்டியா கீது. பொட்டதான்." இத்தனூண்டு குஞ்சில் எப்படித் தெரியும் என்றேன். "தெரியும்," என்றாய். குஞ்சை என்னிடம் திருப்பித் தரும்போது, "இது அடைக்கு வந்தா கூடையக் கவுத்துடாதடி," என்றாய்.

பார்க்கலாம் என்றேன். நீ அப்புறம் வீட்டுக்கு வரவில்லை.

நீ சொன்னபடி அது பெட்டைதான். அதுதான் இப்போது கூண்டில் உட்கார்ந்துகொண்டு என்னை முறைக்கிறது. காலையில் பழக்கதோஷத்தில் செங்கல்லை அடுக்கி, வலையைப் போட்டு, கூடையையும் எடுத்துவந்துவிட்டேன். கவிழ்த்தால் ஒரு வாரத்தில் எழுந்துவிடும். எனக்குத் தெரியாதா? ஆனால் உன்னையே நான் இன்னொரு முறை வழியனுப்புவதுபோல் இருந்தது. அழுதேன். சுவரைப் பார்த்து நின்று நன்றாகவே அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஆட்டோக்காரர் வீட்டுக்குப் போனேன். சேவல் கூவுகிற வழியாக இல்லை. வெகுநேரம் வாசலில் நின்றேன். "முட்டைதானேக்கா, எடுத்துக்கினு போங்க," என்றார் அவர். கூவட்டும் என்றேன்.

கவிழ்த்தே பழகிய கூடையை நிமிர்த்தி வைத்து, மணல் கொட்டி, வைக்கோல் பரப்பி, முட்டைகளை வைத்தாயிற்று. சின்னச் செவலை ஏறி உட்கார்ந்து, அலகால் ஒவ்வொன்றாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அதன் வயிற்றுக்கடியில் கரித்துண்டையும் போல்ட்டையும் வைத்தேன். எனக்கு இன்றைக்கும் அதில் நம்பிக்கை இல்லை. அடை காப்பது நானில்லையே.

மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. இடிக்கட்டும்.